கடன் மனுவில் எழுதிய காரணம்

மே மாதம் மெட்ராஸில்
'எனக்கு வேர்க்குது' என்று
எந்த டாக்டரிடம் போய்ச் சொல்வது?
அவர் சட்டையும்தான் முதுகில் ஒட்டியிருக்கும்.

மார்கழியில் முதல் ட்ரிப்புக்கு முன்னால்
பெரம்பூர் பஸ் நிலையத்தில்
எல்லோரும் மப்ளர் சுற்றி டீ குடிக்கையில்
என் உள்ளங்கை மட்டும் சொட்டும்.
கண்டக்டராகி இருபத்தியொரு வருஷம்.

காகிதம் பெருந்தன்மையானது.
டிக்கெட் கட்டு நனைந்தால் நனைந்தபடி கிழியும்.
மற்றவர்கள் விரலை நாக்கில் தொட்டுப் பிரித்தார்கள்,
எனக்கு அந்த வேலை இருந்ததில்லை.
சில நாள் ரெண்டு ரெண்டாக ஒட்டிப் போகும்.
ராத்திரி கணக்கில் என் காசு.

சில்லறையைக் கையில் வாங்காமல்
பர்ஸின் வாயைத் திறந்து நீட்டுகிறவர்கள் உண்டு.
ஓர் அம்மாள் பத்து ரூபாய்த் தாளை வாங்கி
முந்தானையில் துடைத்துக்கொண்டு
ஓட்டேரியில் இறங்கும்போது சொன்னாள்:
'தப்பா நினைச்சுக்காதப்பா.'
அதைத்தான் தப்பாக நினைத்தேன்.

பிறகு மெஷின் வந்தது.
ஈர விரலை
அதன் கண்ணாடி விரலென்றே ஒப்புக்கொள்ளவில்லை.
ஜெமினியை அழுத்தினால் அடையாறு அச்சாகும்.
விசிலுக்குக் காத்திருந்த டிரைவர் ஏசுபாலன்
'இன்னாபா, டைப்பிங் பரீட்சையா?' என்றான்.
பஸ்ஸே சிரித்தது.

சங்கத்தில் நாற்பதாயிரத்துக்கு மனு போட்டேன்.
'காரணம்' என்ற கட்டத்தில் பேனா நின்றது.
உள்ளங்கை வேர்வை என்று எழுதினால்
செக்ரட்டரி அதைச் சட்டம் போட்டு மாட்டுவார்.
மகள் காதணி விழா என்று எழுதினேன்.
எனக்கு மகள் இல்லை.
கை பட்டு, 'விழா' மட்டும்
நீலமாகப் பரவிவிட்டது.

கீழ்ப்பாக்கத்தில் டாக்டர் ஷெரின்
அயோடின் தடவி, மாவு தூவி,
'இப்பப் பாருங்க' என்றார்.
நாவல்பழம் நசுங்கிய தார்ரோடு போல
கறுத்துக்கொண்டே வந்தது என் கை.
அதைப் பிடித்து
அவ்வளவு நேரம் யாரும் பார்த்ததில்லை.
(கையுறை போட்டிருந்தார். தெரியும்.)

'விஷம்தான்' என்றார்.
கெட்டுப்போன சாப்பாட்டில் வளரும் கிருமியினுடையது,
ஆளையே சாய்க்கும்.
துளியிலும் துளியாகக் கொடுத்தால்
நரம்பு கூப்பிடுவது
வேர்வைச் சுரப்பிக்குக் கேட்காது, அவ்வளவுதான்.

மணிக்கட்டில் மரக்க ஒன்று,
அப்புறம் பேனாவால் வைத்த புள்ளிக்கு ஒன்று.
மரத்தும் சிலது தெரிந்தது.
ஸ்டாப்பு ஸ்டாப்பாக எண்ணினேன்.
பெசன்ட் நகர் போய்த் திரும்பி
பாதி வழி வரும்போது
'அடுத்த கை' என்றார்.

எட்டாம் நாள்
கம்பியைப் பிடித்துவிட்டு எடுத்தேன்,
கம்பியில் ஒன்றுமில்லை.
மெஷின், ஜெமினியை ஜெமினி என்றது.

ஆனால் கட்டைவிரலில் தெம்பில்லை.
மூன்று வாரம்
பரிமளாதான் சட்டைப் பட்டன் போட்டுவிட்டாள்.
'கல்யாணத்தன்னிக்கு உன் கையைப் பிடிச்சதும்
பயந்துட்டேன்னு நெனச்சேன்' என்றாள்,
மூன்றாவது பட்டனில்.
பயந்தும்தான் இருந்தேன்.

கடனுக்கு முப்பது தவணை.
மருந்துக்கு ஆறு மாசம், போனால் ஏழு.
கணக்குப் பார்க்கத் தெரியாதவனில்லை நான்.

நேற்று சங்க வாசலில் செக்ரட்டரி
'என்னங்க தணிகாசலம்,
விழாவுக்குப் பத்திரிகையே வைக்கலியே?' என்று
கை கொடுத்தார்.
கொடுத்த கையை
வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே
வைத்திருந்தேன்.
'சின்னதா நடந்து முடிஞ்சிருச்சு சார்'
என்றேன்.